‘செட்’ என்ற ஒரு சொல்லுக்கு நாற்பது பக்க நோட்டு

1997இல் எனக்கு இருபத்திரண்டு வயது. சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீடு எங்களுடையது. ஆங்கிலத் தட்டச்சில் ஹையர் தேறியிருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது: இவளுக்கு இங்கிலீசு தெரியும். எந்தக் கடிதம் வந்தாலும், ரேஷன் ஆபீஸ் தாளோ பேங்க் நோட்டீசோ, என் கைக்குத்தான் வரும். உண்மையில் என் விரல்களுக்குத்தான் ஆங்கிலம் தெரிந்திருந்தது. ‘செட்’ என்று அடிக்க மூன்று எழுத்தும் இடது கையிலேயே முடிந்துவிடும்: மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். ஆயிரம் தடவை அடித்திருப்பேன். அதன் அர்த்தத்தை ஒரு தடவையும் நிறுத்திப் பார்த்ததில்லை.

அந்த ஜூன் மாதம் பெரியம்மா மஞ்சப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். “கோர்ட்டுல குடுத்தாங்க. என்னன்னு படிச்சுச் சொல்லு கண்ணு.”

விஷயம் இதுதான். பெரியப்பா உயிரோடு இருந்தபோது நூல் வியாபாரம் செய்த தூரத்து உறவினர் ஒருவருக்குப் புரோநோட்டின் பேரில் நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்திருந்தார். பெரியப்பா போன பிறகு பணம் வரவில்லை. பெரியம்மா வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வாய்தாவுக்கு வரவே இல்லை. ஒருதலைப்பட்சமாகப் பெரியம்மாவுக்கு டிக்ரி, அதாவது சாதகமான தீர்ப்பு, ஆனது. ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகுதான் அந்த உறவினர் விழித்துக்கொண்டு ஒரு மனுப் போட்டிருக்கிறார். அந்த மனு மேல் வந்த உத்தரவு என் கையில் இருந்தது.

கார்பன் நகல். எழுத்துகள் ஊதா நிறத்தில் கொஞ்சம் பரவியிருந்தன. நடுவில் அந்த வரி: டிக்ரி ‘செட் அசைடு’ செய்யப்படுகிறது, செலவுத்தொகை கட்டியதன் பேரில். ‘டிக்ரி’ பெரியம்மாவுக்கே தெரிந்த சொல். ‘அசைடு’ என்றால் ஒருபக்கமாக, தனியாக. ‘செட்’ எனக்குத் தெரியாதா? டீ செட், மைக் செட், பம்புசெட். ஒன்றாக வைத்திருப்பது. நான் நிமிர்ந்து சொன்னேன்: “உங்க டிக்ரியத் தனியா எடுத்து வச்சிருக்காங்க பெரிம்மா. பத்திரமா இருக்கு.”

அதற்கு ஏற்றாற்போல் குமாஸ்தா அவர் கையில் முந்நூறு ரூபாயும் கொடுத்து அனுப்பியிருந்தார். எதிர்த்தரப்பு கட்டிய செலவுத்தொகை அது. முதல் தவணை வந்துவிட்டது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். அதிலிருந்து இருபது ரூபாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மடக்கி, “போயி செட் வாங்கித் தின்னு சாமி” என்றார். நான் போய்த் தட்டுவடை செட் வாங்கித் தின்றேன். அந்தத் தட்டை நான் இன்றுவரை மறக்கவில்லை. அடியில் ஒரு தட்டுவடை, மேலே பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும், துருவிய கேரட்டும் பீட்ரூட்டும், பொடியாக நறுக்கிய வெங்காயம், எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு, அதன் மேல் மூடி மாதிரி இன்னொரு தட்டுவடை.

கோர்ட் மொழியில் ‘செட் அசைடு’ என்றால் ரத்து. அந்தத் தீர்ப்பு இனி இல்லை. பெரியம்மா ஜெயித்த வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும் என்றுதான் அந்தத் தாள் சொன்னது. அடுத்த வரியிலேயே வழக்கு மீண்டும் கோப்பில் எடுக்கப்படுவதாகவும், இன்ன தேதிக்கு வைக்கப்படுவதாகவும் இருந்தது. அந்த வரி எனக்கு முழுசாகப் புரியவில்லை. புரியாததை விட்டுவிட்டு, புரிந்ததாக நினைத்ததை மட்டும் சொன்னேன். நான் செய்த இரண்டாவது தப்பு அது. இப்போது யோசித்தால் அதுதான் பெரிய தப்பாகப் படுகிறது.

எங்கள் வக்கீல் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். பெரியம்மாவோ ஜெயித்தாகிவிட்டது என்று வாய்தாவுக்குப் போகவில்லை. செப்டம்பரில் கோர்ட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் இல்லை. வாதி ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி. பணத்தை எப்போது வசூலிக்கலாம் என்று கேட்கப் பெரியம்மா கோர்ட் இருக்கும் அஸ்தம்பட்டிக்குப் போனது, தள்ளுபடியாகி இருபத்தொன்றாவது நாள். ஜூனியர் வக்கீல் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “அம்மா, உங்க கேஸே இப்ப இல்லையேம்மா” என்றாராம்.

ஆஜராகாததால் தள்ளுபடியான வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போட, தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாள்தான். அதைத் தாண்டினால் தாமதத்துக்கு வேறு மனு, அதற்குக் காரணம், அதற்கு விசாரணை. ஒன்பது நாள் மிச்சம் இருந்ததால் தப்பினோம். செலவுத்தொகை இந்த முறை நாங்கள் கட்டினோம். 2000இல் சமாதானமாகப் பேசி ஒரு பங்குப் பணம் கைக்கு வந்தது. பெரியம்மா என்னை ஒரு சொல் கூடக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அன்று விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் இறுகிப் போனதே, அந்த முகம் எனக்குள் அப்படியே இருக்கிறது. அந்த வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் ‘செட்’ என்று எழுதினேன்.

எடுத்தவுடன் அந்த வழக்குக் கட்டையே மறுபடி படித்தேன். இந்த முறை ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எட்டுத் தாள்தான். அதற்குள் இந்தச் சொல் நான்கு வேலை செய்திருந்தது. எதிர்த்தரப்பு வராத நாளில் ‘செட் எக்ஸ்பார்ட்டி’: அவர் இல்லாமலே நடத்தலாம் என்று முடிவு செய்வது. பிறகு ‘செட் அசைடு’: ரத்து. மனுவில் ‘செட் அவுட்’: பிரமாணப் பத்திரத்தில் எடுத்துச் சொல்லியிருக்கும் காரணங்கள். கடைசியில் ‘ஒரு செட் ஆவணங்கள்’: எனக்குத் தெரிந்திருந்த ஒரே அர்த்தம். நான் தெரிந்த அந்த ஒன்றை எடுத்துப் போய் மற்ற மூன்று பூட்டிலும் நுழைத்துப் பார்த்திருக்கிறேன்.

இதில் எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. தெரியாத சொல் நம்மை அகராதியைத் திறக்க வைக்கும். தெரிந்த சொல்தான் காலை வாரும். ‘செட்’ என்பதை நாம் தமிழிலேயே பேசுகிறோம். சேலத்தில் கடை முன் நின்று “ரெண்டு செட்” என்றால் போதும், என்ன செட் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். “அவனும் நானும் ஒரே செட்டு” என்றால் ஒரே வருஷம் படித்தவர்கள். “அந்த மாப்பிள்ளை நமக்கு செட் ஆகாது” என்றால் பொருந்தாது. ஏற்காடு ரோட்டில் டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு மட்டும் நிற்கிறதே, அதைக் காட்டி “இதுக்குள்ளதான் செட் போட்டுப் படம் எடுத்தாங்க” என்று என் அப்பா சொல்லுவார். இவ்வளவையும் வாயில் வைத்துக்கொண்டு ஆங்கிலத் தாளைப் படித்தால், நம்முடைய செட்டைத்தான் அங்கேயும் பார்ப்போம். நம் ஊருக்கு வந்து குடியேறிய ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து இருக்கிறது. பார்ட்டி, கேஸ், சார்ஜ், பில், பாயிண்ட். இவை ஒரு தாளில் வந்தால் நான் இப்போதும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் தாண்டுவேன்.

பல வருடம் கழித்துத்தான் அந்தச் சொல்லின் உண்மையான பரப்பு தெரிந்தது. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவே இந்த ‘செட்’ என்ற வினைச்சொல்தான். சுமார் 430 அர்த்தம், அவற்றை விளக்க 60,000 சொற்கள். பிறகு திருத்திய பதிப்பில் ‘ரன்’ என்ற சொல் 645 அர்த்தத்தோடு முந்திக்கொண்டது. அந்த ஒரு சொல்லில் மட்டும் அகராதியாளர் பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். அதைப் படித்தபோது என் மனச்சுமை கொஞ்சம் இறங்கியது. நான் தடுக்கி விழுந்தது சின்னக் கல் இல்லை.

அந்தச் சொல்லின் வேர் தெரிந்த பிறகு அர்த்தங்கள் எல்லாம் ஒரு வரிசைக்கு வந்தன. உட்கார்வதற்கு ஆங்கிலத்தில் ‘சிட்’. உட்கார வைப்பதற்கு ‘செட்’. அவ்வளவுதான். நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதே உறவு. அமர், அமர்த்து. இரு, இருத்து. ஒன்றை அதன் இடத்தில் இருத்துவது, அசையாமல் நிற்க வைப்பது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வழி தெரிந்துவிடும். கடிகாரத்தில் அலாரத்தை ஒரு மணியில் இருத்துகிறோம். மோதிரத்தில் கல்லை இருத்துகிறோம்; பதிக்கிறோம். விலையை ஒரு இடத்தில் நிறுத்துகிறோம். கலங்கியிருந்த பால் தயிராக உறைந்து நிற்கிறது. பொழுது மேற்கே போய் அமர்கிறது. ஒரு தீர்ப்பைத் தூக்கி ஒருபுறம் வைத்துவிட்டால், அது இனி நடுவில் இல்லை, செல்லாது.

கூட்டம், தொகுப்பு என்ற ‘செட்’ மட்டும் வேறு வழியாக வந்தது. லத்தீனில் பின்பற்றுவோர் என்ற பொருளுள்ள ‘செக்டா’ என்ற சொல், பழைய பிரெஞ்சு வழியாக ‘செட்’ ஆகி, ஏற்கெனவே இருந்த இந்தச் சொல்லோடு கலந்துவிட்டது. ஆக, தட்டுவடை செட்டுக்கும் செட் அசைடுக்கும் பிறப்பிலேயே உறவில்லை. பள்ளிக் கணக்கில் கணம் என்று படிப்பதும் இந்த இரண்டாவது வழியில் வந்ததுதான். என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பில் கணமொழி படித்தபோது அவனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை.

2004 வாக்கில் தட்டச்சு வேலை குறைந்து, கணினியில் டிடிபி, அதோடு மொழிபெயர்ப்பு என்று என் தொழில் மாறியது. துண்டுப் பிரசுரம், கடன் படிவம், கருவிகளோடு வரும் கையேடு. வேலைக்கு வேலை ‘செட்’ வேறு முகம் காட்டியது.

ஒரு தடவை சிமெண்ட் பற்றிய குறிப்பு ஒன்று திருத்தத்துக்கு வந்தது. முன்பு யாரோ ‘ஆரம்ப அமைப்பு நேரம் 30 நிமிடம், இறுதி அமைப்பு நேரம் 600 நிமிடம்’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரியிடம் போய் வாசித்துக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “கலவை போட்ட பிறகு கெட்டியாகுமே, அதை என்னங்கண்ணா சொல்லுவீங்க?” என்று மாற்றிக் கேட்டேன்.

“இறுகுறதுங்கம்மா. கலவை இறுகிருச்சுன்னா அப்புறம் கரண்டி போடக் கூடாது.”

இறுகு நேரம். தண்ணீர் சேர்த்ததிலிருந்து 30 நிமிடத்துக்கு முன்னால் இறுக ஆரம்பிக்கக் கூடாது, பத்து மணி நேரத்துக்குள் இறுகி முடித்திருக்க வேண்டும் என்பதுதான் சாதாரண போர்ட்லாந்து சிமெண்டுக்கு இந்தியத் தரநிலை சொல்வது. அவரிடமே இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். நான் ‘காய்வது’ என்று எழுதப் போனேன். அவர் தலையாட்டினார். காய்வது வேறு, இறுகுவது வேறு. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் கல்லாகிறது. தண்ணீர் போய்விடுவதால் இல்லை. அதனால்தான் இறுகிய தளத்துக்கு மேலே பாத்தி கட்டிக் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் நிறுத்துகிறார்கள். ‘காயும் நேரம்’ என்று நான் அச்சடித்திருந்தால், படித்தவர் ஒருவராவது வெயிலில் காய விட்டிருப்பார். சொல் தப்பினால் தளம் வெடிக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். தொழில் சம்பந்தமான தாள் என்றால் அகராதிக்கு முன்னால் ஆளைத் தேடுவேன். ‘இதற்குத் தமிழில் என்ன’ என்று கேட்க மாட்டேன். அப்படிக் கேட்டால் அவர்கள் கூச்சப்பட்டு, ஏதோ புத்தகச் சொல்லைத் தேடுவார்கள். “அப்ப என்ன நடக்குது, சொல்லுங்க” என்று கேட்பேன். நடப்பதைச் சொல்லும்போது அவர்கள் வாயிலிருந்து சொல் தானாக வந்துவிடும். தச்சர் ஒருவரிடம் ரம்பத்துக்கு ‘செட்’ வைப்பது என்றால் என்ன என்று கேட்டபோது அவர் பேசவே இல்லை. ரம்பத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண் மட்டத்தில் காட்டினார். ஒரு பல் இடப்பக்கம் துளி சாய்ந்திருந்தது, அடுத்த பல் வலப்பக்கம், அடுத்தது மறுபடி இடப்பக்கம். பற்கள் அப்படி விரிந்திருந்தால்தான் அறுக்கும் தடம் தகட்டை விட அகலமாக விழும். ரம்பம் மரத்துக்குள் சிக்காது. இந்த ‘செட்’டுக்கு நான் ‘பல் சாய்வு’ என்று எழுதினேன்.

வீட்டு வரைபட அனுமதியில் வரும் ‘செட்பேக்’ எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று. நோயில், வியாபாரத்தில் வந்தால் பின்னடைவு. வரைபடத்தில் வந்தால், சுவருக்கும் மனையின் எல்லைக்கும் நடுவில் சட்டப்படி விட வேண்டிய காலி இடம். ‘முன்புறப் பின்னடைவு’ என்று எழுதியிருந்த ஒரு தாளை நானே பார்த்திருக்கிறேன்.

அதை விடக் கவனம் வேண்டியது கடன் படிவத்தில் வரும் ‘செட் ஆஃப்’. இந்த இரண்டு சொல் சேர்ந்தால் புறப்படுவது, பட்டாசு வெடிப்பது, எடுப்பாகக் காட்டுவது என்று பல அர்த்தம் உண்டு. பேங்க் படிவத்தில் மட்டும் அதற்கு ஒரே அர்த்தம்: நீங்கள் கட்டாத கடனை, அதே பேங்கில் நீங்கள் போட்டு வைத்திருக்கும் பணத்திலிருந்து அவர்கள் கழித்துக்கொள்ளும் உரிமை. மகளிர் குழுக்காரர்கள் கடன் படிவம் கொண்டு வந்தால் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். கூலி இல்லாமல் படித்துச் சொல்வேன். பெண் கல்யாணத்துக்கு என்று போட்டு வைத்த பணமும் அதே பேங்கில்தானே கிடக்கும்?

இன்னொரு சிக்கல், இந்தச் சொல்லுக்குக் காலம் காட்டும் உடம்பே இல்லை. இன்று, நேற்று, முடிந்தது மூன்றுக்கும் அதே ‘செட்’. தமிழில் வினையை எழுதினால் காலத்தையும், செய்தவர் யார் என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். தறிக்கூலி சம்பந்தமான ஒரு சுற்றறிக்கையில் ‘அவர்கள் செட் செய்யும் கூலி’ என்று எழுதுவதா, ‘செய்த கூலி’ என்று எழுதுவதா என்று அரை நாள் தடுமாறினேன். இரண்டு பத்தி மேலே ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதிதான் காப்பாற்றியது: நிர்ணயித்த கூலி. ஒரு வாக்கியத்தின் விடை பெரும்பாலும் அந்த வாக்கியத்துக்கு வெளியில்தான் இருக்கிறது.

இனி ஏற்காட்டுக்கு வருகிறேன். என் நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அங்கே எழுதியதுதான்.

2012 பிப்ரவரியில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலையாட்களுக்கு வாசித்துக் காட்ட ஒரு குறிப்பைத் தமிழில் கேட்டார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தார். அன்று முதல் அந்த மலையில் தலைமுறை தலைமுறையாகக் காப்பி வேலை நடக்கிறது. குறிப்பில் ‘ஃப்ரூட் செட்’ என்று பத்து இடத்தில் வந்தது. நான் ‘பழத் தொகுப்பு’ என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது வழியில் வந்த அர்த்தம். எனக்கே அது சரியாகப் படவில்லை. அதனால் தாளை எடுத்துக்கொண்டு ஏப்ரலில், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, நேரில் போனேன்.

நான் போன நாள் நல்ல நாள். மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தோட்டம் முழுக்க வெள்ளை. சில்வர் ஓக் மரங்களின் நிழலில், மிளகுக் கொடி படர்ந்த அடிமரங்களுக்கு நடுவே, ஒவ்வொரு காப்பிக் கிளையும் கணுவுக்குக் கணு பூ வைத்துக் கட்டிய சரம் மாதிரி இருந்தது. மல்லிகை வாசனை. மூக்கை விட்டுப் போகவே இல்லை.

“ரெண்டு நாளு, மிஞ்சிப் போனா மூணு நாளுதான் இந்த வெள்ளை” என்றார் கூட வந்த அக்கா. அறுபது வயது இருக்கும். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். “பாக்க அழகா இருக்குதுங்க. ஆனா பூவ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

“ஏங்கக்கா?”

அவர் ஒரு கிளையை இழுத்து, வாடிப்போன ஒரு பூவை விரலால் தள்ளினார். அது உதிர்ந்த இடத்தில், கணுவில், குண்டூசித் தலை அளவுக்குப் பச்சையாக ஒன்று இருந்தது. “இது நிக்கணும். பூ மழை பேஞ்சா பூக்கும். அதுக்கடுத்த மழை சரியான நேரத்துல பேஞ்சாத்தான் இது நிக்கும். இல்லைன்னா காஞ்சு கொட்டிப் போயிரும். பூக்கறது பெருசில்லீங்க. பிஞ்சு பிடிக்கணும்.”

பிஞ்சு பிடிப்பு. நான் நின்ற இடத்திலேயே, தாளை முழங்காலில் வைத்து, பத்து இடத்திலும் அடித்துத் திருத்தினேன். மாமரத்துக்கு நம் வீட்டிலேயே சொல்வதுதான். தை, மாசியில் மாம்பூவைப் பார்த்துவிட்டு “பிஞ்சு பிடிச்சிருக்கா?” என்று கேட்காத சேலத்துக்காரர் உண்டா? எனக்கு ஏன் அது முதலில் தோன்றவில்லை? ஆங்கிலத் தாளைப் பார்த்துக்கொண்டே எழுதியதால்தான்.

கீழே இறங்கும் பஸ்ஸில் ‘பிடி’ என்ற சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸைப் பிடித்தேன். சளி பிடித்தது. இரும்பில் துரு பிடித்தது. பால் அடிபிடித்தது. குழந்தை அடம் பிடித்தது. அம்மா கொழுக்கட்டை பிடித்தாள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது. இதில் ஒன்றையும் யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றையும் அதன் ஜோடிச் சொல்லோடு சேர்த்தே கேட்டோம், அப்படியே பதிந்தது. வெளியூரிலிருந்து தமிழ் படிக்க வருகிறவர் ‘பிடி என்றால் கையால் பற்றுவது’ என்று மட்டும் தெரிந்துகொண்டு சளி பிடித்தது என்பதைப் படித்தால் எப்படித் தடுமாறுவாரோ, அப்படித்தான் நான் செட் அசைடில் தடுமாறினேன். மழை ‘செட் இன்’ ஆவதற்கு மழை பிடித்துக்கொண்டது என்பதை விட நல்ல தமிழ் இருக்கிறதா என்ன?

அதன் பிறகு என் நோட்டின் முறையே மாறியது. முன்பு இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அர்த்தம் என்று எழுதுவேன். இப்போது அர்த்தமே எழுதுவதில்லை. முழு வாக்கியத்தை எழுதுகிறேன். எந்தத் தாளில் வந்தது, எந்தத் தொழில், யார் அதற்கு என்ன சொன்னார்கள் என்று கீழே குறித்துக்கொள்கிறேன். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்தால் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். ‘செட்’டுக்கு இருபது அர்த்தம் மனப்பாடம் செய்து பயனில்லை. எதை செட் செய்தார்கள், யார், பக்கத்தில் ஒட்டி நிற்கும் குட்டிச் சொல் எது என்று பார்க்கப் பழகினால் போதும். இப்போது பிள்ளைகள் கைபேசியைத் தாளுக்கு மேலே காட்டினாலே தமிழ் வந்து விழுகிறது. நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் நானும் 1997இல் அதே வேகத்தில்தான் பதில் சொன்னேன்.

எந்தத் தாளை மொழிபெயர்த்தாலும் நான் விடாத சோதனை ஒன்று உண்டு. எழுதி முடித்ததும், அதை வைத்து வேலை செய்யப் போகிறவரிடம் வாசித்துக் காட்டுவேன். “புரிஞ்சுதா?” என்று கேட்பதில்லை. எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். “சரி, இதைக் கேட்டுட்டு நாளைக்குக் காலைல நீங்க என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்பேன். அன்று பெரியம்மாவிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், “எதுக்குச் செய்யணும், அதான் பத்திரமா இருக்குதே” என்று சொல்லியிருப்பார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கும்: ஒரு கோர்ட் உத்தரவு வந்த பிறகு ஒருவர் செய்ய ஒன்றுமே இல்லை என்றால், நான் எங்கோ தப்பாகப் படித்திருக்கிறேன். இப்போது கோர்ட் தாளில் தமிழ் சொன்ன பிறகும், தேதி இருக்கும் வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லியே அனுப்புகிறேன்.

ஏற்காட்டுக் குறிப்பையும் மே மாதம் போய் வாசித்துக் காட்டினேன். பதினைந்து பெண்கள் களத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். முடித்ததும் அதே கேள்வியைக் கேட்டேன். முன்வரிசையில் இருந்த அந்த அக்கா எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கீழ்த்தோட்டத்தைக் கைகாட்டினார். “நாளைக்கு என்னங்க, இப்பவே போயிப் பாக்குறோம். போன வாரம் பேஞ்ச மழைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு பிடிச்சு நிக்குதுன்னு.” நானும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர்கள் பின்னால் போனேன்.